மாஸ்டர் மிதித்தால் எரியாத விளக்கு

மாஸ்டரின் கால் சாதாரணக் கால் இல்லை. இதை அவரே, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், பலமுறை சொல்லியிருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் பதறிப்போனால் ஆசிரியர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கிற கால்தான் மாஸ்டரின் சொத்து, சுகம், பெருமை எல்லாம். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலும் மீதிப் பேர் அதற்கும் அப்பாலும் போயிருப்பார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அவரிடம் கார் பழகினவர்களை எல்லாம் கூட்டிவைத்தாலும் ஒரு தெருவுக்குக் காணாது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

வண்டியின் பின்கண்ணாடியில் ‘உங்கள் உயிர், எங்கள் கால்’ என்று எழுதி வைத்திருந்தார். எழுத வந்த பெயிண்டர், "மாஸ்டர், இதேதான் எழுதணுமா, நல்லா யோசிச்சிட்டீங்களா" என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். மாஸ்டர் நன்றாகவே யோசித்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்த கதையும் அப்படித்தான். முன்பு ஒரு கம்பெனி அதிகாரிக்கு டிரைவராக இருந்தார். அந்த அதிகாரி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மெதுவா போ", "ஹாரன் அடி", "அவனை ஏன் முந்த விட்டே" என்று வழி முழுக்க நச்சரித்துக்கொண்டே வருவார். வருஷக்கணக்கில் அதைப் பொறுத்துக்கொண்ட மாஸ்டர், அதிலிருந்து ஒரு பாடம் படித்தார். உலகத்திலேயே நல்ல வேலை, காரில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறவனைக் குறை சொல்வதுதான். உடனே வேலையை விட்டார். ஒரு பழைய காரை வாங்கி, பக்கத்து இருக்கைக்கு ஒரு பிரேக்கை மாட்டி, அதில் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு ஆரம்பித்த வாய் இன்றுவரை மூடவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மருமகன் புதுக் கார் வாங்கியபோது, மாமனார் முன்னால் உட்கார்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் வெறும் தரையை மிதி மிதி என்று மிதித்து, போட்டிருந்த மிதியடியைச் சுருட்டிவிட்டார். அதற்கப்புறம் மருமகன், "மாமா, நீங்க பின்னாடி வசதியா உக்காருங்க" என்று ரொம்ப மரியாதையாகக் கதவைத் திறந்துவிட ஆரம்பித்தான். மாஸ்டர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

தினமும் காலையில், முதல் ஆள் பழக வருவதற்குமுன், வண்டியின் பின்விளக்குகளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். மனிதன் எந்த விளக்கை வேண்டுமானாலும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், பிரேக் விளக்கை மட்டும் பார்க்க முடியாது. முன்னால் ஒருவர் மிதிக்கவேண்டும், பின்னால் ஒருவர் நின்று பார்க்கவேண்டும். பின்னால் நிற்கும் வேலை மாஸ்டரின் மனைவிக்கு. மாஸ்டர் கதவைத் திறந்து, தன் வழக்கமான இருக்கையில், அதாவது பக்கத்து இருக்கையில், உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடியே தன் பிரேக்கை மிதிப்பார். "எரியுதா" என்பார். அந்த அம்மா டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, "எரியுது" என்பாள். இருவருக்கும் நடுவில் ஒருநாளில் நடக்கிற முழுப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளுக்கு அடுத்த நாள் காலை, அந்த அம்மா, "எரியல" என்றாள்.

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். எரியல."

"வெயில்ல தெரியாது உனக்கு. கையால மறைச்சுப் பாரு."

"கையால மறைச்சாலும் எரியாதது எரியாதுங்க."

மாஸ்டர் இறங்கி வந்து பின்பக்கத்தை முறைத்தார். யாரும் மிதிக்காதபோது பிரேக் விளக்கு எரியாது என்பதால் அதுவும் பேசாமல் இருந்தது. விளக்கின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். தட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற பரம்பரையைச் சேர்ந்தவர் அவர். சரியாகவில்லை. உடனே தீர்ப்புச் சொன்னார்: "பல்பு போச்சு."

கடையில் பல்பு வாங்கி, தானே மாட்டினார். மறுநாள் காலை, "எரியல." ஃபியூஸ் போயிருக்கும் என்று ஃபியூஸை மாற்றினார். "எரியல." அப்புறம்தான் வேறு வழியில்லாமல், தான் மதிக்காத ஒரு மனிதரிடம் போனார். சந்து முனையில் கடை வைத்திருந்த எலெக்ட்ரீஷியன் அவர்.

எலெக்ட்ரீஷியன் ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பின்னால் மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன. மாஸ்டர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

"எரியுதே மாஸ்டர்."

"இப்ப எரியுது. வீட்டுக்குப் போனா எரியாது."

"வீட்டுல என்ன பண்றீங்க அதை?"

மறுநாள் காலை வீட்டில், "எரியல." மாஸ்டர் மறுபடி கடைக்கு ஓடினார். அங்கே எரிந்தது. எலெக்ட்ரீஷியன் மரியாதைக்கு ஒரு வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். வீட்டில் எரியவில்லை. மூன்றாவது தடவை, பிரேக்குக்கு மேலே இருக்கிற சின்ன சுவிட்சையே மாற்றிக்கொடுத்தார். கடையில் பிரமாதமாக எரிந்தது. வீட்டில் அந்த அம்மா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கும் இல்ல" என்றாள்.

மாஸ்டர் இதற்கெல்லாம் ஒரு கண்டுபிடிப்புச் சொன்னார். அவர் தெருவில் இருக்கிற மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது உள்ளே எங்கேயோ ஒரு வயர் விட்டுப்போகிறதாம், கடைக்குப் போகும் வழியில் அதே மேட்டில் ஏறி இறங்கும்போது தானாக ஒட்டிக்கொள்கிறதாம். அதாவது வயருக்குப் போகிற வழி பிடித்திருக்கிறது, வருகிற வழி பிடிக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் அதைக் கேட்டுவிட்டு, "வேற கடை பாத்துக்கங்க மாஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இதற்காகப் பாடங்களை நிறுத்தினாரா என்றால் இல்லை. பின்விளக்கு பின்னால் வருகிறவனுக்கு, அவன் கண்ணைத் திறந்துகொண்டு வரட்டும் என்பது அவர் வாதம். ஊர் உயிரையெல்லாம் காலில் தாங்குகிறவர் பேசுகிற பேச்சுதான் அது.

அந்த நாட்களில் அவரிடம் கார் பழகிக்கொண்டிருந்தவள் பேக்கரிக்காரம்மா. பேக்கரி அவளுடையது இல்லை. அவள் அங்கே அடுப்புக்கு முன்னால் நின்று தட்டுத்தட்டாக ரொட்டி எடுப்பவள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வயது. அடுப்புச் சூட்டில் நின்று நின்று மூச்சுத் திணறல் வந்துவிட்டது. இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேக்கரியில் அடுப்பை விட்டால் இருக்கிற ஒரே வேலை, கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை ஓட்டுவது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். "அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டா வேன் உனக்கு. இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று முதலாளி சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ரொட்டி காத்திருக்காது, அவ்வளவுதான். லைசென்ஸ் கிடைத்தால் வேன். கிடைக்காவிட்டால் ஒன்று மூச்சைப் பணயம் வைத்து அடுப்பு, இல்லையென்றால் வீடு.

அவள் நன்றாகவே பழகினாள். மாஸ்டர் அதை ஒப்புக்கொள்வாரா? வண்டி ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவர் காலும் பிரேக்கின்மேல் இருக்கும். நின்றது தன்னால்தான் என்று அவர் ஒரு பாட்டுப் பாடுவார். "பாத்தியா, நான் மிதிக்கலைன்னா அந்த நாய் போயிருக்கும்." "பள்ளிக்கூட வளைவுல நான் இல்லைன்னா நீ சுவத்துலதான்." கற்றுக்கொடுக்கிறவர் சொல்கிறார், நமக்கு என்ன தெரியும் என்று அவள் தலையை ஆட்டிக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் கடைத்தெருவில் அந்தச் சம்பவம் நடந்தது. வரிசையாக நின்ற வேன்களுக்கு நடுவிலிருந்து, போனையே பார்த்துக்கொண்டு ஒருவன் சாலையில் இறங்கினான். வண்டி கிறீச்சென்று நின்றது. அவன் முழங்காலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. போன்காரன் நிமிர்ந்து பார்த்து, இவர்கள்தான் அவன் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் முறைத்துவிட்டு, மறுபடி போனைப் பார்த்துக்கொண்டே போனான்.

பேக்கரிக்காரம்மா ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரும் பயந்துதான் போனார், ஆனால் அவருக்குப் பயம் வாய் வழியாக வரும்.

"மனுஷனைக் கொன்னிருப்பியேம்மா. நான் மட்டும் மிதிக்கலைன்னா இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருப்பே."

"நானும் மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு மாஸ்டர்…"

"மாதிரி எல்லாம் உதவாது. மிதிச்சது நான். பாரு, என் கால் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்குன்னு."

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் கால் அடிவரைக்கும் போயிருந்தது. தான் மிதித்தோமா இல்லையா என்று அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. பயத்தில் செய்தது பயத்தோடு போய்விட்டது. அவள் அழுதாள். மாஸ்டர் பெருந்தன்மையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருந்தன்மை அதோடு முடிந்தது. அன்று மாலையே சலூனில் அந்தக் கதை அரங்கேறியது. போன்காரனோடு ஒரு குழந்தையும் சேர்ந்துகொண்டது. டீக்கடைக்குப் போனபோது குழந்தைக்கு ஒரு தங்கையும் பிறந்துவிட்டாள். "ஒரு நொடி. என் கால் மட்டும் ஒரு நொடி தாமதிச்சிருந்தா, மூணு உயிர்" என்று மாஸ்டர் அளந்துவிட, சலூன்காரர் கத்தியை நிறுத்திக் கேட்டார். கதை ஊர் சுற்றி, ரொட்டி வாங்க வந்தவர்கள் வழியாக பேக்கரிக்கும் வந்து சேர்ந்தது. "குழந்தைங்க மேல வண்டியை விடப் பாத்தது நீதானாமே" என்று ஒருத்தி பேக்கரிக்காரம்மாவைக் கேட்டே விட்டாள். கதை முதலாளி காதிலும் விழுந்தது. அவர் வேன் சாவியை மேசைமேல் இருந்து எடுத்து டிராயருக்குள் போட்டதை அவள் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் ஓட்டம் கெட்டது. நிறுத்த வேண்டியதற்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்தினாள். திருப்பங்களில் நடக்கிற வேகத்துக்கு ஊர்ந்தாள். மாஸ்டர் இன்னும் திட்டினார். திட்டு அதிகமானால் பயம் குறையும் என்பது அவர் பாடத்திட்டம்.

டெஸ்டுக்கு முந்தின நாள் மாலை, மாஸ்டருக்கு ஒரே கவலை பின்விளக்குதான். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி முதலில் வண்டியைத்தான் பார்ப்பார். பிரேக் விளக்கு எரியாவிட்டால் வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்த டெஸ்ட் வருவதற்குள் மாதமும் முடிந்துவிடும், வேனும் போய்விடும். இது மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் அவர் மனத்தில் பெரிதாக நின்றது, தன் வண்டியை ஒருவன் திருப்பி அனுப்புவதா என்பதுதான்.

"வா, வந்து பின்னாடி நில்லு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மிதித்தார். "எரியல" என்றாள். மறுபடி மிதித்தார். "எரியல." மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் கண்ணுலதான் கோளாறு. இரு, நானே பாக்கறேன். நீ வந்து மிதி" என்று இறங்கி வந்தார். அந்த அம்மா டீ கிளாஸைச் சுவரின்மேல் வைத்துவிட்டு, சுற்றிப் போய், ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த பிரேக் அதுதான். மிதித்தாள்.

மூன்று விளக்கும் சிவப்பாக எரிந்தன.

"விடு. திரும்ப மிதி. விடு. மிதி." எல்லாத் தடவையும் எரிந்தது. மாஸ்டர் தன் இடத்துக்கு ஓடினார், அவளைப் பின்னால் அனுப்பினார், மிதித்தார். "இல்ல." இப்படியே இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எதிர்வீட்டில் ஒருவர் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்.

கடைசியில் அந்த அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "நான் மிதிச்சா எரியுது, நீங்க மிதிச்சா எரியல. அதுக்கும் உங்களைப் பத்தித் தெரிஞ்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் அந்தப் பேச்சை உதறிவிடத்தான் பார்த்தார். முடியவில்லை. ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து, மண்டியிட்டு, தலையை உள்ளே நுழைத்து, பிரேக்குக்குப் பின்னால் பார்த்தார். அவருடைய பிரேக்கிலிருந்து ஒரு இரும்புக் கம்பி கீழே ஓடிவந்து, முனையில் ஒரு கொக்கியோடு, இந்தப் பிரேக்கில் மாட்டியிருக்கும். அவர் அங்கே மிதித்தால் கம்பி இழுக்கும், இந்தப் பிரேக்கும் கீழே போகும், வண்டி நிற்கும், இதன் மேலிருக்கிற சுவிட்ச் விளக்கை எரிக்கும். இதுதான் ஏற்பாடு. கொக்கி இப்போது எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

எப்போது கழன்றது என்று அவருக்கு உடனே விளங்கியது. அந்த விடுமுறை நாளில், தன் பிரேக் தொளதொளவென்று ஆடுகிறது என்று, அவரே புதிதாக விறைப்பான ஒரு ஸ்பிரிங் வாங்கி மாட்டினார். என் பிரேக்கில் இன்னொருத்தன் கை வைப்பதா என்று மெக்கானிக்கைக்கூடக் கூப்பிடவில்லை. ஸ்பிரிங் மாட்ட வசதியாகக் கொக்கியைக் கழற்றினார். ஸ்பிரிங்கை மாட்டினார். மிதித்துப் பார்த்து, "ஆகா, என்ன பிடிப்பு" என்று சொல்லிக்கொண்டு, குளிக்கப் போய்விட்டார்.

விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. பல்பு, ஃபியூஸ், வயர், சுவிட்ச், எலெக்ட்ரீஷியனின் பொறுமை எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. தினமும் காலையில் விளக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் எதையும் மிதிக்கவில்லை என்று.

மாஸ்டர் மண்டியிட்ட நிலையிலேயே இருந்தார். அந்த நாய் தப்பியது, பள்ளிக்கூட வளைவு, கடைத்தெரு, போன்காரன் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு எதிரில் வந்து நின்றன. அத்தனை நாளும் அவர் ஒரு ஸ்பிரிங்கைத்தான் மிதித்திருக்கிறார். வண்டியை நிறுத்தினவள் அவள். ஒவ்வொரு தடவையும் அவளே.

கொக்கியை மாட்டுவது பெரிய வேலை இல்லை. மாட்டினார். மனைவியைக் கூப்பிட்டார். "எரியுது" என்றாள் அவள். "என்ன கோளாறு?"

"சின்னக் கோளாறு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாஸ்டர் தனக்குத்தானே கட்டிய சப்பைக்கட்டுகளை எழுதினால் இந்தக் கதை நீண்டுவிடும். கொக்கியை மாட்டியாகிவிட்டது, இனி என்ன. அவளுக்குத் தெரிந்தால் இன்னும் குழம்பிப்போவாள். டெஸ்டுக்கு முன்னால் மனத்தைக் கலைக்கக்கூடாது. தன் மரியாதையைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை, எல்லாம் அவள் நன்மைக்காகத்தான். மோர் ஊற்றுகிற சாக்கில் மனைவி ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

காலையில் பேக்கரிக்காரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாள். வண்டியில் ஏறவில்லை.

"மாஸ்டர், நான் டெஸ்டுக்கு வரலை. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன், என்னாச்சு?"

"டெஸ்டுல உங்க கால் இருக்காதே. அங்க யாராவது குறுக்க வந்தா? எனக்கு அந்த ஆள் முழங்கால்தான் கண்ணு முன்னாடி நிக்குது. இனிமே யாரையாவது இடிச்சிட்டு அந்தப் பாவத்தைச் சுமக்கறதுக்கு, அடுப்புலயே நின்னுக்கறேன். முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

மாஸ்டர் தனக்குத் தெரிந்த எல்லாத் தைரியத்தையும் சொல்லிப் பார்த்தார். பயப்படாதே, நல்லாத்தான் ஓட்டுறே, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். நேற்றுவரை வாய் கிழியத் திட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று இப்படிக் குழைந்தால் யார் நம்புவார்கள்? அவள், "வர்றேன் மாஸ்டர்" என்று திரும்பி நடந்தாள். அவள் வாசல்கதவைத் தாண்டிப் போயிருந்தால் கதை மாஸ்டருக்கு வசதியாக முடிந்திருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் மூச்சு மட்டும் அடுப்பில் போயிருக்கும்.

"நில்லும்மா" என்றார்.

ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, முந்தின நாள் மாட்டின கொக்கியைக் கழற்றினார். தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். "பின்னாடி போய் விளக்கைப் பாரு" என்றார். அங்கே ஏற்கெனவே டீ கிளாஸோடு நின்றிருந்த மனைவிக்குப் பக்கத்தில் அவளும் போய் நின்றாள். மாஸ்டர் மிதித்தார்.

"எரியல மாஸ்டர்."

"எரியாது. இதுக்கும் அந்தப் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஸ்பிரிங் மாத்தின நாள்லேர்ந்து இப்படித்தான் கழண்டு கிடந்துருக்கு. நேத்துதான் பாத்தேன்."

அவள் விளக்கை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ கடைத்தெருவுல?"

"நீதான்."

"பள்ளிக்கூட வளைவு?"

"நீதான்."

"அந்த நாய்?"

"அதுவும் நீதான்."

மாஸ்டரின் மனைவி டீயைக் குடிக்காமல் கேட்டாள். "அப்போ இவ்வளவு நாளா நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"ஸ்பிரிங்கை மிதிச்சிட்டிருந்தேன்."

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது, அந்த இருக்கையில் உட்காரவே கூசியது.

பேக்கரிக்காரம்மாவின் முகம் சிவந்து வந்தது. அவள் கத்தவில்லை. "நான் அன்னைக்கிலேர்ந்து சரியாத் தூங்கலை மாஸ்டர். என் பெரியவனோட நடந்துபோனாக்கூட, ரோட்டுல யாராவது இறங்கினா அவன் கையைப் புடிச்சுக்கறேன். ரொட்டி வாங்க வர்றவங்க என்னைக் கொலைகாரி மாதிரி பாக்கறாங்க. ஒரு ஸ்பிரிங்குக்காகவா?"

"தப்புதாம்மா."

"தப்புன்னு என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு இப்போ தெரிஞ்சிருச்சு. நீங்க எங்கெங்க போய் கதை சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய் மாத்திச் சொல்லணும். சலூன்ல, டீக்கடையில, எங்க முதலாளிகிட்ட."

"சொல்றேன்."

"அந்தக் குழந்தைங்களையும் எடுத்துருங்க."

"எடுத்துடறேன்."

அவள் ஓட்டுகிற இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "கொக்கியை மாட்டட்டுமா?" என்று மாஸ்டர் கேட்டார். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள் அவள். டெஸ்ட் மைதானம் வரைக்கும் மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. வழியில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தபோதும், ஒரு சைக்கிள் திடீரென்று திரும்பியபோதும், அவள் பதறாமல் நிறுத்தினாள், பதறாமல் எடுத்தாள்.

மைதானத்து வாசலில் கொக்கியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். அதிகாரி பின்னால் நின்று, மிதிக்கச் சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டினார். மாஸ்டரை ஓரமாக நிற்கச் சொன்னார். அவள் ஓட்டினாள், நிறுத்தச் சொன்ன இடங்களில் நிறுத்தினாள், பின்னால் எடுக்கச் சொன்னபோது எடுத்தாள், தேறினாள். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சுவையாகச் சொல்ல மாஸ்டரிடம் ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அவர் அதில் எங்குமே இல்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அங்கிருந்து நேராக பேக்கரிக்குப் போனார். முதலாளியிடம் கொக்கி, ஸ்பிரிங், விளக்கு எல்லாவற்றையும் விளக்கி, "நிறுத்தினது அந்தம்மாதாங்க. நான் ஒண்ணும் பண்ணலை. குழந்தைங்களும் கிடையாது" என்றார். முதலாளி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து சாவியை எடுத்து, அவளிடம் கொடுக்கச் சொல்லி மாஸ்டர் கையில் வைத்தார். "நீங்களே இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்கன்னா, அந்தம்மா தேறிட்டாங்கன்னுதான் அர்த்தம். பழகினவங்களுக்கு வேலை கிடைக்கணும்னு பழியைத் தன்மேல போட்டுக்கறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்" என்றார். மாஸ்டர் வாயைத் திறந்தார். சாவி கைமாறிவிட்டது, இதற்குமேல் பேசினால் திரும்பிப் போய்விடுமோ என்று மூடிக்கொண்டார்.

டீக்கடையிலும் அதேதான். "தன்னடக்கம்" என்றார் ஒருவர். "நிறைகுடம்" என்றார் இன்னொருவர். மாஸ்டர் வாழ்நாள் முழுக்கப் பொய்யும் மெய்யும் கலந்து சொன்னபோது பாதிதான் நம்பினார்கள். முதல்முறையாகக் கலப்படமில்லாத உண்மையைச் சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை. அவருடைய புகழ் அந்த ஒரு வாரத்தில் ஏறிய மாதிரி அதற்குமுன் ஏறியதே இல்லை. புதிதாகப் பழக ஆட்கள் வந்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சலூனை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். தாடி அரிக்க ஆரம்பித்ததும் போனார். கழுத்தில் துணியைக் கட்டி, ஒரு கன்னத்தில் நுரையைப் பூசி, மறு கன்னத்தைச் சலூன்காரர் வழித்துக்கொண்டிருந்தபோது தொடங்கினார்.

"அன்னைக்குச் சொன்னேனே கடைத்தெருக் கதை, அதுல நான் மிதிக்கவே இல்லப்பா. அந்தம்மாதான் மிதிச்சுது."

"தலையை ஆட்டாதீங்க மாஸ்டர்."

"நிஜமாத்தான் சொல்றேன். என் பிரேக் கழண்டு கிடந்தது."

"கேள்விப்பட்டேன், நீங்க இப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லிட்டு வர்றீங்கன்னு. பெரிய மனசு உங்களுக்கு." அப்போது எதிரே இருந்த மளிகைக்கடை வாசலில் பேக்கரி வேன் வந்து, ஓரமாக, சாக்கடைக்கு ஒரு விரலளவு தள்ளி, அலுங்காமல் நின்றது. சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "பாருங்க, எவ்வளவு அழகா நிறுத்துது. எல்லாம் உங்க கால் போட்ட பிச்சை மாஸ்டர்."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கழுத்துத் துணியோடும் ஒரு பக்க நுரையோடும் தெருவைக் கடந்தார். பேக்கரிக்காரம்மா ரொட்டித் தட்டை இறக்கிக் கொடுத்துவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை.

"நான் சொல்லிட்டேம்மா. முதலாளிகிட்ட சொன்னேன், டீக்கடையில சொன்னேன், இப்போ இங்கயும் சொல்லிட்டேன். ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான். நான் என்னதான் பண்றது?"

அவள் அந்த நுரையையும் துணியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவளுக்கு அது வரவில்லை.

"பொய்யை எத்தனை தடவை சொன்னீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டார்.

"அப்போ இதையும் சொல்லிட்டே இருங்க. நம்பற வரைக்கும்."

வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாஸ்டர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் மிதிக்கலப்பா" என்று மாஸ்டர் மறுபடி ஆரம்பித்தார்.